தலைகீழாகக் குதித்தவனை நிற்க வைத்த கதை

பத்தமடை
கார்த்திகை மாதம், விடாத மழை

அன்புள்ள மாப்பிளைக்கு,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் முடிந்தது. தீபாவளிக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வைத்து நேரில் திட்டிக்கொள். 'போன் எதுக்கு வே இருக்கு?' என்று கேட்பாய். போனில் நீ ஆளைப் பேச விடுவதில்லை. பேப்பர் விலை, பைண்டிங்குக்கு ஆள் கிடைக்காத கதை, உன் முதலாளியின் மச்சினன் என்று போய்விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கிடந்து படி.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்த மூலையில் ஒட்டடை இருந்தாலும் அவளுக்குத் தெரிகிறது, கஷ்டம் எனக்கு. பெரியவர் அதே டீக்கடையில் அதே பெஞ்சில்தான் இருக்கிறார். 'அந்தக் காலண்டர்க்காரனை எங்கலே காணும்?' என்று கேட்டார். பார்சல் வந்தது என்றேன். 'ஆமா, ஆள் வர மாட்டான், பார்சல் வரும்' என்றார். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ராத்திரி ஒரு தடவை எழுந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார்கள்.

சரி, உன் தாள் பார்சல். எதற்கு என்று சொல்லாமலே கேட்டேன், நீயும் கேட்காமலே அனுப்பினாய். ஆனால் அது வந்து இறங்கியதும் என் வகுப்பில் என்ன கூத்து நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

குழந்தைகள் தினத்துக்கு என்ன செய்யலாம் என்று பெரிய சார் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மனசில் இருந்தது நேரு மாமா, ரோஜாப்பூ, தெர்மாகோல். நான் மத்தீஸ் என்றேன். 'அது என்ன, மாத்திரையா?' என்றார். ஓவியர் சார், பிரெஞ்சுக்காரர் என்றேன். 'செலவு எவ்வளவு ஆகும்?' என்றார். ஒன்றும் ஆகாது என்றதும் அனுமதி கிடைத்துவிட்டது. நம் பள்ளிக்கூடங்களில் கலைக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடையாது. டிராயிங் பீரியடைக் கணக்கு சாரிடம் கடன் கொடுக்காமல் காப்பாற்றுவதுதான் பெரும் பாடு. பரீட்சை நெருங்கினால் அவர் வாசலில் வந்து நின்று, 'சார், நீங்க ஃப்ரீதானே?' என்பார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருக்கும். நான் ஃப்ரீயாம்!

நமக்கு மத்தீஸைக் காட்டியது மிட்டாய் சார்தான், ஞாபகம் இருக்கிறதா? நிறத்துக்காகவே உலகம் கொண்டாடின மனுஷனைக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் காட்டினார். 'இதுல என்ன சார் இருக்கு?' என்று கேட்டது நீ. குட்டு விழுந்தது எனக்கு.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் படமே காட்டவில்லை. கதைதான் சொன்னேன். 1869ல் வடக்குப் பிரான்சில் பிறந்தவர், நெசவுக்கார வம்சம், வளர்ந்ததும் நெசவுக்கார ஊர் என்றதும் பாதி வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இங்கே பாதிப் பேர் வீட்டில் பாய் நெய்கிற கோரை கிடக்கிறதல்லவா. அப்பா விதைக் கடை வைத்திருந்தார், அந்தக் கடையில் அம்மா சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் கலந்து கொடுத்தாள் என்றேன். பிள்ளை வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, குடல்வால் நோவு வந்து படுத்தபோது பொழுது போகட்டும் என்று அம்மாதான் ஒரு பெயிண்ட் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். அங்கே தொடங்கினது. பிறகு எழுபது வயசுக்கு மேல், 1941ல், வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைத்து எழுந்தபோது பழையபடி நின்று வரைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலி, இல்லாவிட்டால் படுக்கை. தாளில் நிறம் பூசித் தரச் சொல்லி, ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். பென்சில் கோடு கிடையாது, நேரே நிறத்தில் வெட்டு. வெட்டினதை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள், இவர் கிடந்தபடியே 'கொஞ்சம் இடது பக்கம், இன்னும் மேலே' என்று சொல்லிக்கொண்டிருப்பார். 'எங்க தாத்தாவும் இப்படித்தான் சார் கட்டில்ல கிடந்து வேலை ஏவும்' என்றான் ஒருவன்.

நான் சொல்ல வந்தது அவருடைய நீச்சல் குளத்தை. 1952 கோடை, வயசு 82. தண்ணீரில் குதிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று கான் ஊருக்குக் காரில் போயிருக்கிறார். அங்கே வெயில் தாங்கவில்லை. தான் குடியிருந்த நீஸ் ஊருக்குத் திரும்பிவந்து, எனக்கு வேண்டிய குளத்தை நானே செய்துகொள்கிறேன் என்று சாப்பாட்டு அறைச் சுவரில் தலைக்குக் கொஞ்சம் மேலே சுற்றிலும் வெள்ளைத் தாள் பட்டை ஒட்டச் சொன்னார். நீலத்தில் ஆட்களை வெட்டி வெட்டி அதில் நீந்த விட்டார். மொத்தம் 16 மீட்டர் நீளம். இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சுவருக்குச் சாக்குத்துணிதான் ஒட்டியிருந்தது. உன் தொழிலுக்கு இது தேவைப்படும், கேள், அந்தச் சாக்கு காலப்போக்கில் நிறம் மாறிப்போய், அதைப் பிரித்தெடுத்து வேறு சாக்கு வைத்துப் பல வருஷம் பாடுபட்டு 2014ல்தான் திரும்பவும் ஜனங்களுக்குக் காட்டினார்கள்.

ஆற்றங்கரைப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் சும்மா இருப்பார்களா? 'நாம ஆறு செய்வோம் சார்' என்றார்கள்.

நீலத்துக்கு அலைந்த கதை தனி. டிஸ்டெம்பரில் ஸ்டெய்னர் எவ்வளவு ஊற்றினாலும் வெளிறின ஆகாச நிறம்தான் வருகிறது. போஸ்டர் கலர் வாங்கக் காசு கிடையாது. கடைசியில் மளிகைக் கடையில், வேட்டிக்குப் போடுகிற நீலப்பொடி. மாப்பிளை, அது வேறு ஒன்றும் இல்லை, அல்ட்ராமரின்தான். ஒரு காலத்தில் கல்லை அரைத்து எடுத்து, தங்க விலைக்கு விற்ற நிறம். 1820களில் பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் அதை உலையில் செய்ய வழி கண்டுபிடித்தான், அதனால்தான் இன்றைக்கு அது நம்ம கொடியில் காய்கிறது. பசைக்கு வேலம்பிசினை ராத்திரியே ஊறப் போட்டு வடிகட்டினோம். மத்தீஸ் தாளில் பூசின நிறத்துக்கும் வேலமரத்துப் பிசின்தான் பசை. குழைத்து உன் தாளின் பின்பக்கம் அடித்தோம். காய்ந்த பிறகு பார்க்க வேண்டும்! பிரஷ் போன தடம் தெரிகிற நீலம். கடையில் விற்கிற கிளேஸ் பேப்பர் நீலம் இதன் பக்கத்தில் செத்துக் கிடக்கும்.

காய்ந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். அங்கேதான் வினை.

நீ அனுப்பியது எல்லாம் காலண்டர் வேஸ்ட் ஷீட். ரிஜிஸ்டர் விலகி, நிறத்துக்கு நிறம் தள்ளி விழுந்து, லட்சுமிக்கு நாலு கண், முருகனுக்கு இரண்டு வேல். கூடவே வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா. சகல தெய்வமும் கலங்கிப்போய் நிற்கிறது. கத்தரிக்கோலை எடுத்த பிள்ளைகள் அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். 'சாமியை எப்படி சார் வெட்ட?' எனக்கும் பதில் இல்லை. வியாபாரப் புத்தியுள்ள ஒருவன் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பேரம் பேசினான்: 'என் லட்சுமிய நீ வெட்டு, உன் தர்காவ நான் வெட்டுதேன்.' அந்தப் பையன் ரொம்ப நேரம் யோசித்தான். 'எங்க வாப்பாட்ட கேட்டுட்டு வாரேன்' என்றான். மறுநாள் வந்து, 'ரெண்டும் கூடாதுன்னுட்டாக' என்றான். தீர்ப்பு சரிதானே?

வழி கண்டுபிடித்தது ஒரு சின்னப் பெண். வகுப்பில் வாயே திறக்காது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தது. பின்னால் சாமி நிற்கிற இடம் நிழலாகத் தெரிகிறது. சாமியைத் தொடாமல், சுற்றியிருக்கிற இடத்தில், கடைப்பேர் போடுகிற காலி இடத்தில், தேதிக் கட்டத்தில் என்று வெட்டியது. இடம் குறுகல், அதனால் ஆட்கள் நீண்டு ஒடுங்கி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீரில் பாய்கிறவன் அப்படித்தானே போவான்! அவ்வளவுதான், மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடியது. இப்போது என் அலமாரியில் சுற்றிலும் கடிபட்ட சாமிகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. தூக்கிப் போட ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. உங்கள் பிரஸ்ஸில் அவற்றை எடைக்குப் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நீ வந்தால் நீயே பதில் சொல்லு.

இதற்கு நடுவில் பெரிய சார் ஒரு உபகாரம் செய்தார். நீச்சல் அடிக்கிற ஆளின் அவுட்லைனை நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்து, ஆளுக்கு ஒன்றாக நாற்பது காப்பி கொண்டுவந்தார். 'இதை வச்சு வெட்டச் சொல்லுங்க சார், எல்லாம் ஒரே மாதிரி நீட்டா இருக்கும்.' எனக்கு வந்த கோபத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஒரே மாதிரி இருப்பதற்குத்தான் உங்கள் மிஷின் இருக்கிறதே! தினம் ஆற்றில் விழுந்து எழுகிற பிள்ளை. மூச்சை எங்கே பிடிப்பது, முழங்காலை எப்போது மடக்குவது, குளிர்ந்த தண்ணீர் எங்கே வந்து காலைச் சுற்றும் என்று அதன் உடம்புக்குத் தெரியும். அதன் கையில் யாரோ வரைந்த கோட்டைக் கொடுத்து, இதன் மேலேயே போ என்றால் அந்தப் பிள்ளை கோட்டைத்தான் பார்க்கும், ஆற்றை மறந்துவிடும். பென்சிலைக் கொடுத்தாலும் இதே கதிதான், மாப்பிளை. கண், மூக்கு, பொத்தான் என்று போட ஆரம்பித்துவிடுகிறார்கள், பாதியில் அழிரப்பர் தேடுகிறார்கள். கத்தரிக்கோலில் அழிக்க வழியில்லை. தாளைத் திருப்பித் திருப்பி ஒரே மூச்சில் வெட்டுகிறார்கள். அந்தக் கிழவர் எழுபது வயசுக்கு மேல் கண்டுபிடித்ததைப் பன்னிரண்டு வயசில் ஒரு பயல் நாக்கைத் துருத்திக்கொண்டு செய்கிறான். கிட்ட நின்று பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. நமக்கு ஏன் யாரும் கத்தரிக்கோலைத் தரவில்லை? எத்தனை பூஜாடி வரைந்தோம் நாம்!

பிரிண்டை எல்லாம் வாங்கி, பின்பக்கத்தை ரஃப் நோட்டுக்கு வைத்துக்கொண்டேன். பெரிய சாருக்கும் திருப்தி, வீணாகவில்லை.

மாட்டுகிற சமாசாரம். சாக்குக்குப் பதில் பாய் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பட்டுப்பாய் இல்லை, சாதாரணக் கோரைப்பாய். வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கினோம். அதில் ஒரு பாட்டியம்மா, நாள் முழுக்கத் தறியில் உட்கார்கிறவள், பாயோடு கூடவே வந்துவிட்டாள். பசை டப்பாவைப் பார்த்ததும், 'இதைத் தடவினா பாய் செத்துரும்' என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு? வெளியே போய் வேலியில் உடைமுள் ஒடித்து வந்தாள். கோரைக்கும் கோரைக்கும் நடுவில், நூல் ஓடுகிற இடத்தை விட்டு, முள்ளைச் செருகிக் காட்டினாள். எடுத்தால் தடமே இல்லை. வெள்ளைத் தாள் பட்டை, அதன் மேல் நீல ஆட்கள், எல்லாம் முள்ளில் நிற்கிறது! நகர்த்த வேண்டுமானால் பிடுங்கிக் குத்து. அந்தக் கிழவர் குண்டூசியில் செய்ததேதான். பாட்டியம்மா போகும்போது, 'கல்யாணப் பாயில மாப்பிளை பொண்ணு பேரு போட்டு நெய்வோம். ஆள் போட்டு நெய்யணும்னு யாரும் கேட்டதில்ல' என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, ஆர்டர் கேட்டாளா என்று தெரியவில்லை.

என்னென்ன வந்தது தெரியுமா? மல்லாந்து கிடக்கிறவன். ஒருத்தன் தோளில் ஒருத்தன் ஏறி நின்று விழுகிற ஜோடி. தலையே இல்லாமல் இரண்டு கால் மட்டும், மிச்ச ஆள் தண்ணீருக்குள்ளே. ஒரு பெண் வெட்டியது உருண்டையாக ஒன்று, மேலே சின்னத் தலை. பெரிய சார் ஆமை என்றார். 'இல்ல சார், பாவாடைல காத்துப் பிடிச்சு மிதக்கேன்' என்றாள். இப்போது விடுகிறார்களா என்று கேட்டேன். 'பெரிய பிள்ள ஆயிட்டேன்லா, விட மாட்டாங்க' என்றாள். ஆற்றில் அவளை யாரும் மிதக்க விடப்போவதில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் மத்தீஸின் குளத்தை என் போனில் காட்டினேன். 'இவங்க மீனா ஆளா சார்?' 'ஒருத்தரும் கரைக்கே வரல.' 'இவரு நீச்சல் தெரிஞ்சவருதான் சார்.' கடைசியில் சொன்னது உண்மை. 1930ல் தாஹிட்டித் தீவுப் பக்கம் போய்த் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர், அந்தப் பாசியும் மீனும் பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் கத்தரிக்கோலில் வெளியே வந்தன.

ஒரு பையன் ஆளே வெட்டவில்லை. நீலத்தில் நீளம் நீளமாகச் செவ்வகம் வெட்டி ஒன்றன் கீழ் ஒன்றாகக் குத்தினான். என்னடா என்றேன். படித்துறை என்றான். ஆள் எங்கே என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டதும், இன்னொருத்தன் அவனைக் கிள்ளி வாயை மூடச் சொன்னான். பிறகு எனக்குத் தெரிந்தது, அண்ணன், போன வருஷம், மணல் அள்ளின குழி. மாப்பிளை, அந்தப் படிகளை அவன் எவ்வளவு நேராக வெட்டியிருந்தான் என்று உனக்குச் சொன்னால் புரியும். ஏழெட்டுப் படி. கீழ்ப்படி பாதி மட்டும். எனக்கு நெட்டையன் ஞாபகம் வந்தது, குறுக்குத்துறையில் நீயும் நானும் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாம் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசினதே இல்லை, இல்லையா? இப்போதும் பேச வேண்டாம். அந்தப் படிகளை எங்கே குத்தட்டும் என்று அவன் கேட்டான். உனக்கு எங்கே வேண்டுமோ அங்கே என்றேன். வாசலை ஒட்டிக் குத்தினான். வகுப்புக்குள் வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படி வழியாகத்தான் ஆற்றுக்குள் இறங்குகிறார்கள்.

அவனுடைய அம்மா விழாவுக்கு வந்து பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முள் ஒன்று தளர்ந்திருந்தது, அழுத்திவிட்டுப் போனாள்.

தலைப்பில் போட்ட விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். விழா அன்று காலை நான் மைக் செட்டுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சார் கடைசியாக ஒரு சுற்று பார்த்தவர், ஒரு ஆள் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அவரே முள்ளைப் பிடுங்கி, நேராகத் திருப்பிக் குத்திவிட்டார். அரை மணி நேரத்தில் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். 'சார், பெரிய சார் என்னைய நிக்க வச்சிட்டாங்க!' போய்ப் பார்த்தால், ஆற்று மண்டபத்து மேலேயிருந்து தலைகுப்புறப் பாய்ந்த பயல், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சரணடைந்தவனாக நிற்கிறான்.

பெரிய சாருக்கு வருத்தம். அவரைத் தேற்ற 1961 கதையைச் சொன்னேன். அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் மத்தீஸின் 'படகு' என்ற வெட்டுப்படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். பாய்மரமும் தண்ணீரில் அதன் நிழலும், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 47 நாள் தொங்கியது. ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். கடைசியில் பார்க்க வந்த ஒரு அம்மாதான் சொல்லித் திருப்ப வைத்தாள். பெரிய சார் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அங்க 47 நாள் ஆச்சுல்லா? நம்ம ஸ்கூல்ல அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சாச்சு! எழுதி வைங்க சார், ரிப்போர்ட்ல போடலாம்.' போட்டும்விட்டார். மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இப்போது பாய்களைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நீல ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், சிலர் பீரோ கதவில், ஒருத்தன் அரிசிப் பானை மேல். அடுத்து அலுவலர் யாரோ பார்வையிட வருகிறாராம், 'அதே மாதிரி ஒண்ணு, ஆனா தலைவர்கள் படமா' என்று உத்தரவு வந்திருக்கிறது. தலைவர்களைத் தலைகீழாகக் குதிக்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாள் வேண்டும். தை பிறந்ததும் நீயே கொண்டு வா. செங்கோட்டை வண்டியில் ஏறி சேரன்மகாதேவியில் இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன். நம் இரண்டு பேரில் கை உள்ளவன் நீதான். அதைக் காலண்டருக்கு லே-அவுட் போட்டே தேய்த்துவிட்டாய், ஒரு நாள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வெட்டிப் பார். முதுகு வலி என்று சொல்லாதே, பாய் இருக்கிறது.

பேரன் விஷயம் என்ன ஆயிற்று, வேலைக்குப் போகிறானா, இன்னும் அந்தப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறானா? அதை எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ பொய் சொல்வாய்.

உன்
குட்டு வாங்கினவன்